நிலையத்தில் இன்னொரு பயிற்சி வகுப்பு வேண்டுமா?

கேள்வி: யாழ்ப்பாணம் வலிகாமத்தில் ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தின் செயலாளர் நான். எங்கள் ஊர்ப் பெடியள் பலர் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) உடன் படிப்பை விட்டுவிட்டார்கள். பகலில் மதகில் இருந்து போன் பார்ப்பது, பின்னேரம் விளையாட்டுக் கழகம், மற்ற நேரமெல்லாம் 'வெளிநாட்டு அலுவல் சரிவரும்' என்ற காத்திருப்பு. போதை மாத்திரை ஊருக்குள் வந்துவிட்டதோ என்ற பயமும் பெற்றோருக்கு இருக்கிறது. கனடாவில் உள்ள எங்கள் ஊர்ச் சங்கம் நிலையத்துக்கு மேல்மாடி கட்டி, 10 கணினியும் 10 தையல் மெசினும் தருவதாகச் சொல்கிறது. மூன்று மாத இலவச வகுப்புகள் நடத்த வேண்டுமாம். சில வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனம் 6 தையல் மெசின் தந்து இப்படி ஒரு வகுப்பு நடந்தது. 14 பிள்ளைகள் சான்றிதழ் வாங்கினார்கள். இன்று இரண்டு பேர்தான் தைக்கிறார்கள். மெசின்கள் பின்னறையில் மூடிக் கிடக்கின்றன. இந்த முறை எந்த வகுப்பு நடத்தினால் வருமானமும் வரும்? ஊர் நன்மைக்காக நடத்தும் வியாபாரத்தைச் சமூகத் தொழில்முயற்சி என்கிறார்களே, அதை நிலையம் செய்யலாமா? எங்கள் தலைவரோ, "பேப்பர் படிக்கிற இடத்தில கடை போடுறதோ?" என்று கேட்கிறார்.

பதில்:

தம்பி, எந்த வகுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், எந்த வகுப்பும் வேண்டாம். பயிற்சி கொடுக்க உரிமமும் ஆட்களும் உள்ள இடங்கள் உங்களைச் சுற்றி ஏற்கெனவே இருக்கின்றன. அவர்களிடம் இல்லாததும் உங்களிடம் இருப்பதும் ஒன்றுதான்: ஊருக்குள் யாருக்கு என்ன வேலை செய்விக்க வேண்டியிருக்கிறது என்ற அறிவு. நிலையம் வேலையைத் தேடிப் பிடித்துக் கொண்டுவரட்டும். படிப்பிப்பதை அதற்கென்று இருப்பவர்களிடம் விடுங்கள்.

முதலில் அந்த ஆறு மெசின்களைப் பற்றிப் பேசுவோம். 14 பேரில் 12 பேர் ஏன் தைக்கவில்லை? அவர்களுக்குத் தைக்கத் தெரியாமல் இல்லை. மூன்று மாதத்தில் சட்டை வெட்டக் கற்ற ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய், சொந்தமாக மெசின் வாங்கி, ஆள் பிடித்து, கூலி பேசி, கடன் சொல்பவரிடம் காசு கேட்டு வாங்க வேண்டும். தையல் இதில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் வியாபாரம், அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தைச் சுற்றி ஆயத்த உடுப்பு மலிவாகக் குவிந்து கிடக்கும்போது, சாதாரணச் சட்டையைத் தைத்து விற்றுப் பிழைக்கவும் முடியாது. அப்படியிருக்க இன்னும் பத்து மெசின் வந்தால், மூடிக் கிடப்பவை பதினாறாகும்.

அதே மெசின்களுக்கு உங்கள் ஊரிலேயே வேலை இருக்கிறது. அரசாங்கம் 1993 முதல் மாணவருக்குப் பாடசாலைச் சீருடையை இலவசமாகக் கொடுத்து வருகிறது. இடையில் சில வருடம் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள். கொடுப்பது துணிதான், தைத்த உடுப்பு இல்லை. துணி கையில் கிடைத்ததும் எல்லாத் தாய்மாரும் ஒரே வாரத்தில் தையற்காரரைத் தேடி ஓடுகிறார்கள். பெண் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைக்கு மடிப்பு ஒவ்வொன்றும் ஒரே அளவில் விழ வேண்டும், கொலர் நிமிர்ந்து நிற்க வேண்டும், வளரும் பிள்ளை என்பதால் கரையில் இரண்டு அங்குலம் மடித்து விட்டிருக்க வேண்டும். ஆயத்த உடுப்புக் கடை இந்தக் கடைசி விஷயத்தைச் செய்யாது, தாய்மார் அதைத்தான் கேட்பார்கள். ஒருத்தி வெட்ட, இருவர் ஓட்ட, ஒருத்தி தெறி தைத்து அயர்ன் பண்ண என்று பிரித்துக்கொண்டால், தனியாகத் தைத்தபோது துணி பாழாகுமோ என்று பயந்தவர்களும் உள்ளே வருவார்கள். அந்த 14 பேரில் எத்தனை பேர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நாலு பேர் போதும். பக்கத்துப் பாடசாலை அதிபரிடம் போய், துணி எப்போது வரும், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதற்குக் கனடாவிலிருந்து ஒரு சதமும் தேவையில்லை. மெசினுக்கு எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றினால் சரி.

பெடியள் விஷயம் வேறு. அவர்கள் இலவச வகுப்புக்கு வர மாட்டார்கள். முதல் வாரம் வருவார்கள், மூன்றாம் வாரம் மதகுக்குத் திரும்பிவிடுவார்கள். அதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள். 18 வயதுப் பெடியனுக்குப் பெற்றோலுக்கும் போன் கார்டுக்கும் கையில் காசு வேண்டும். ஒரு நாள் மேசன் வேலைக்கு எடுபிடியாகப் போனால் பின்னேரம் காசு கிடைக்கிறது, உங்கள் வகுப்பில் அது கிடைக்காது. ஆகவே கையில் காசு வரும் வேலை ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என்ன வேலை என்பதை நான் இங்கிருந்து சொல்லக்கூடாது. ஆனாலும் வலிகாமத்து ஊர் என்கிறீர்கள், ஊகிக்க முடிகிறது. வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத குடாநாட்டில் வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் கிணற்றுத் தண்ணீரை நம்பித்தான் நிற்கின்றன. கிணறு இருந்தால் மோட்டர் இருக்கும், மோட்டர் இருந்தால் அது எரியும். நல்ல வெயில் காலத்தில் ஒருவர் சைக்கிள் கரியரில் மோட்டரைக் கட்டிக்கொண்டு வருகிறார் என்று வையுங்கள். பழகிய கை முதலில் மோட்டரைக் கழற்றாது, சாப்ட்டை, அதாவது நடுத்தண்டை, கையால் சுற்றிப் பார்க்கும். சுற்றாமல் இறுகி நின்றால் அநேகமாகப் பெயரிங். இலேசாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்ட் கொடுத்தால் ஊம் என்று முனகிக்கொண்டு நிற்கிறது என்றால் பெரும்பாலும் கப்பாசிற்றர். அது சின்னச் சாமான், மாற்றக் கால் மணித்தியாலம் கூடப் போகாது. வார்னிஷ் கருகிய நாற்றம் மூக்கில் அடித்தால் சுருள் போய்விட்டது, அதை யாழ்ப்பாணம் ரவுணுக்கு அனுப்பித் திரும்பச் சுற்றுவிக்க வேண்டும். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் மோட்டரைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போவதும், கிணறு வற்றிய பிறகும் ஓடவிடுவதும்தான் பாதிச் சுருள்களை எரிக்கின்றன. இதைத் தோட்டக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பெடியன் அந்த மேசையில்தான் பழகுவான்.

இந்த வேலையில் தோட்டக்காரருக்கு உண்மையில் வலிப்பது காசை விட நாள். வெங்காயம் காய்ந்துகொண்டிருக்கும்போது ரவுணில் மோட்டரைக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு வாங்கோ, நாளையிண்டைக்கு வாங்கோ" என்று அலைவதுதான் நட்டம். அன்றைக்கே திருத்திக் கொடுக்கவோ, திருத்தும் வரை ஒரு மாற்று மோட்டரை வாடகைக்குக் கொடுக்கவோ முடிந்தால், நிலையத்தைத் தேடி ஆட்கள் வருவார்கள்.

ஆனால் ஊகத்தை நம்பிக் காசை இறக்காதீர்கள். நிலையத்தின் பெடியளில் இரண்டு பேரை ஒரு கொப்பியோடு தோட்டம் தோட்டமாக அனுப்புங்கள். எத்தனை மோட்டர் இருக்கிறது, கடைசியாக எப்போது பழுதானது, எங்கே கொடுத்தீர்கள், எவ்வளவு எடுத்தார்கள், எத்தனை நாள் காத்திருந்தீர்கள். இவ்வளவுதான் கேள்வி. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாக எழுதச் சொல்லுங்கள். பதில்கள் சோர்வாக இருந்தால் மோட்டரை மறந்துவிட்டு லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்), மருந்தடிக்கும் மெசின், மோட்டார் சைக்கிள் என்று அதே கேள்விகளைக் கேளுங்கள். கொப்பியோடு போன இரண்டு பேரில் யார் கேட்காமலே மோட்டரைக் குனிந்து பார்த்தான் என்பதையும் கவனியுங்கள். உங்கள் முதல் பயிலுனன் அவன்தான்.

இனிக் கணக்கு. கீழே உள்ளவை உதாரணத்துக்கு நான் போட்ட தொகைகள், உங்கள் கொப்பியில் வருபவற்றை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவருக்கு மாதம் 60,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் கட்ட வேண்டியது 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், இரண்டும் சேர்த்து 9,000. (அவருடைய சம்பளத்திலிருந்து கழிக்கும் 8 வீதம் வேறு. ஊருக்குள் நடக்கிற வேலைதானே என்று இதைக் கட்டாமல் விட்டால், பிறகு தண்டத்தோடு கட்ட வேண்டிவரும்.) இரண்டு பயிலுனருக்குத் தலைக்கு 15,000, மொத்தம் 30,000. மின்சாரம், போன், போக்குவரத்து, கருவித் தேய்மானம் 15,000. எல்லாம் சேர்த்து 1,14,000 ரூபா. சாமான் விலை போக ஒரு திருத்தத்துக்குக் கூலியாகச் சராசரி 2,500 கிடைத்தால், மாதம் 46 மோட்டர் வர வேண்டும். வேலை நாள் 25 என்றால் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட இரண்டு. ஒரு சின்ன ஊருக்கு இது கஷ்டம்.

இந்த இடத்தில்தான் பல சமூகத் தொழில்முயற்சிகள் கவிழ்கின்றன. வேலை பழகும் பெடியன் மெக்கானிக்கின் நேரத்தைத் தின்கிறான். பெயரிங்கைத் தவறாக அடித்து உடைக்கிறான். அது பயிற்சியின் செலவு. அந்தச் செலவை மோட்டர் கொண்டுவரும் தோட்டக்காரரிடம் வாங்க முடியாது, வாங்கினால் அவர் அடுத்த முறை ரவுணுக்கே போவார். ஆகவே கணக்கை இரண்டாகப் பிரியுங்கள். பயிலுனர் கொடுப்பனவு 30,000, மெக்கானிக்கின் செலவில் மூன்றில் ஒரு பங்கு 23,000, ஆக 53,000 ரூபா பயிற்சிக் கணக்கு. இதைக் கனடா தரட்டும். மிச்சம் 61,000 ரூபாவைக் கடை உழைக்க வேண்டும். 25 மோட்டர், நாளுக்கு ஒன்று. இது நடக்கக்கூடிய காரியம். மாரி மழை தொடங்கினால் மோட்டர் வரத்து விழுந்துவிடும் என்பதால், அந்த மாதங்களுக்கு வயல் பக்கத்து வேலையைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இரண்டு கணக்கும் ஒரே கொப்பியில் கலந்துவிட்டால், கடை உழைக்கிறதா, கனடாக் காசில் ஓடுகிறதா என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். நிலையம் அச்சடித்து, பிரதம விருந்தினர் கையால் கொடுக்கும் சான்றிதழுக்கு ஊர் எல்லைக்கு அப்பால் மதிப்பில்லை. நாட்டில் செல்லுபடியாவது தேசிய தொழிற்தகைமை, எல்லாரும் என்.வி.கியூ. என்பார்கள். அதில் ஏழு மட்டங்கள். நாலாம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். மூன்றாம் நிலை மற்றும் வாழ்க்கைத்தொழில் கல்வி ஆணைக்குழுவில் பதிந்து, அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரமும் பெற்ற இடம்தான் என்.வி.கியூ. பாடநெறி நடத்தலாம். சனசமூக நிலையம் அந்தப் பாடுபட வேண்டியதில்லை. எல்லாரும் நைற்றா என்று அழைக்கும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, பெடியளை வேலைத்தளங்களிலேயே பயிலுனராகப் பதிந்து, பின்னர் பரீட்சித்துச் சான்றிதழ் பெற வழி செய்கிறது. ஏற்கெனவே வேலை தெரிந்தவர் வகுப்புக்கே போகாமல், தன் வேலையைக் காட்டி மதிப்பீட்டுக்கு உட்பட்டும் என்.வி.கியூ. எடுக்கலாம். உங்கள் ஊரில் பத்து வருடமாக வயரிங் செய்கிறவர், கராஜில் நிற்கிறவர் எத்தனை பேருக்கு இது தெரியும்? அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டி, நைற்றாவின் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் உத்தியோகத்தரை அழைத்துப் படிவம் நிரப்பச் செய்தாலே, மூன்று மாத வகுப்பை விட அதிகம் பேருக்குக் கையில் சான்றிதழ் வரும். வெளிநாட்டு அலுவல் பார்த்துக்கொண்டிருக்கும் பெடியளுக்கும் அங்கே போய்க் காட்ட ஒரு கடதாசி கிடைக்கும். மேலே படிக்க விரும்புபவர்களுக்குக் கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

வயதைப் பாருங்கள். வேலைக்குச் சேர்க்கக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021 முதல் 16. பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவர்களை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்தக் கூடாது, கரண்ட் வேலையில் அதற்கு அர்த்தம் உங்களுக்கே விளங்கும். ஓ.எல். சரிவராத சின்னப் பிள்ளைகளுக்கு 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம் சில பாடசாலைகளில் நடக்கிறது. சித்தியடையாவிட்டாலும் தொழில்பாடம் படிக்கலாம். அவர்களைக் கடைக்குள் இழுக்காமல் அங்கே அனுப்பி வையுங்கள்.

உங்கள் தலைவர் கேட்டது நியாயமான கேள்வி. பேப்பர் படிக்கிற இடம் பேப்பர் படிக்கிற இடமாகவே இருக்கட்டும். மோட்டர் வேலைக்குப் பின்பக்கம் ஒரு கொட்டில் போதும். அதற்கு முன் காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். பல நிலையங்கள் யாரோ ஒருவர் வாசிகசாலைக்கென்று நன்கொடையாக எழுதிக் கொடுத்த காணியில் நிற்கின்றன. 'வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது' என்று அதில் ஒரு வரி இருந்தால், பேரப்பிள்ளைகள் வழக்குக்கு வருவார்கள். உறுதி இடம் கொடுத்தால், பொதுக்கூட்டத்தில் நிலையத்தின் யாப்பை, அதாவது அதன் விதிகளை, திருத்திப் பிரதேச சபைக்கும் அறிவியுங்கள். கடைக்கு வேறு பெயர், வேறு வங்கிக் கணக்கு. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். ஆனால் தனி ஆட்களின் பெயரில் பதிந்தால் நாளைக்கு அது அவர்களுடைய கடையாகிவிடும். வேலை நிலைத்தால் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவதே எனக்கு விருப்பம். பங்குகள் இல்லாமல் உறுப்பினரின் உத்தரவாதத்தில் நிற்கும் 'உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி' என்ற வழியும் 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தில் உண்டு, ஆனால் ஒவ்வொரு வருடமும் கணக்காய்வுச் செலவு ஒரு சின்னக் கடையின் முதுகை ஒடிக்கும். இலண்டன் உறவினர்கள் அங்கே 2005இல் வந்த சமூக நலக் கம்பனி முறையைச் சொல்வார்கள். சொத்தையும் இலாபத்தையும் பங்காளர் வரம்பு மீறித் தின்ன முடியாதபடி பூட்டி வைக்கும் நல்ல முறைதான், ஆனால் அது அவர்கள் நாட்டுச் சட்டம்.

நிர்வாகசபை மாறும்போது கடையின் பொறுப்பாளரும் மாறக்கூடாது. தலைவரின் மருமகன் பொறுப்பாளராகவும் கூடாது. யாப்பைத் திருத்தும்போதே இதையும் அதில் எழுதிவிடுங்கள், பிறகு எழுத முடியாது.

இன்னொன்று, எழுதக் கொஞ்சம் சங்கடமான விஷயம். ஒரே ஊரில் ஏன் மூன்று நிலையங்கள் இருக்கின்றன என்பது நம் எல்லாருக்கும் தெரியும். மோட்டர் எரியும்போது சாதியும் பகுதியும் பார்க்காது. உங்கள் பகுதி ஆட்களை மட்டும் நம்பினால் நாளுக்கு ஒரு மோட்டர் கூட வராது. பக்கத்து நிலையத்திலிருந்து ஒரு பெடியனைப் பயிலுனராக எடுங்கள், அவர்களுடைய நிர்வாகத்திலிருந்து ஒருவரைக் கடையின் குழுவில் போடுங்கள். இதற்கு உங்கள் பொதுக்கூட்டத்தில் எதிர்ப்பு வந்தால், முழுத் திட்டத்தையும் நிறுத்தி வைப்பதுதான் நல்லது.

வேலை முதல், பயிற்சி பிறகு என்பது புதிதாக நான் கண்டுபிடித்ததில்லை. கேரளத்தில் ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் 1925இல் அப்படித்தான் தொடங்கியது. சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் இயக்கத்தில் சேர்ந்ததற்காக வேலை மறுக்கப்பட்டவர்கள் கூடி, தாங்களே ஒப்பந்தம் எடுத்துத் தெருப் போட்டார்கள். இன்று பாலமும் நெடுஞ்சாலையும் கட்டுகிறார்கள், கோழிக்கோட்டில் ஒரு சைபர் பூங்காவும் வைத்திருக்கிறார்கள். கட்டுமானத் தொழிலுக்கான பயிற்சி நிறுவனத்தை நடத்தத் தொடங்கியது பல பத்தாண்டு வேலைக்குப் பிறகுதான்.

கடைசியாகக் கனடாவுக்கு என்ன எழுதுவது. அவர்கள் மனம் நோகாமல் எழுத வேண்டும், காசு தருகிறவர்கள். கட்டடம் என்றால் பெயர்க்கல் பதிக்கலாம், திறப்புவிழா வீடியோ பார்க்கலாம். மோட்டர் திருத்தும் மேசையில் பெயர்க்கல்லுக்கு இடமில்லை. அதனால் மேல்மாடியை வேண்டாம் என்று மறுக்காதீர்கள். மூன்று வருடம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் காசில் ஒரு சின்னப் பங்கை மட்டும் கேளுங்கள்: பயிற்சிக் கணக்கின் செலவு முதல் வருடம் முழுவதும், இரண்டாம் வருடம் பாதி, மூன்றாம் வருடம் காற்பங்கு. அதோடு கருவிகளும், வாடகைக்குக் கொடுக்க இரண்டு மோட்டரும். கணினி பத்து வேண்டாம், ஒன்று போதும். எந்தத் தோட்டத்து மோட்டர் எப்போது வந்தது, என்ன மாற்றினோம், எவ்வளவு வாங்கினோம் என்று யாராவது ஒரு பிள்ளை எக்செலில் பதியட்டும். மாதம் முடிய அந்தப் பக்கத்தையே வட்ஸ்அப்பில் கனடாவுக்கு அனுப்பலாம்.

ஆனால் கொப்பி நிரம்புவதற்கு முன் அவர்களுக்கு எதையும் எழுதாதீர்கள். சீருடைத் துணி வருவதற்கு முன் தையல் மெசின்களைத் திருத்தி வையுங்கள், அது யாரிடமும் கேட்காமல் இந்த வாரமே செய்யக்கூடியது.